நீரைத் தின்னும் இரும்பு

தீப்பிடித்தால் தண்ணீரைத் தேடு! தாத்தா சொன்னது, தந்தை சொன்னது, நாமும் பிள்ளைக்குச் சொல்வது. கூரை எரிந்தால் குடம் வேண்டும். வைக்கோற்போர் எரிந்தால் வாய்க்கால் வேண்டும். நெருப்புக்கு எமன் நீர் என்பதிலே யாருக்கும் ஐயமில்லை.

சரி, அப்படியானால் ஒரு கேள்வி. கொதித்துக் குழம்பாகி நிற்கும் உருக்கின் பக்கத்திலே நாளெல்லாம் நின்று பாடுபடும் தோழர், ஒரு வாளித் தண்ணீரைக் கண்டால் ஏன் பதறுகிறார்? ஈரம் சொட்டும் பழைய இரும்பை உலைவாயில் தள்ளப் போகும் இளைஞனைப் பார்த்து, மூத்த தொழிலாளி ஏன் தொண்டை கிழியக் கத்துகிறார்? நெருப்புக்கு அஞ்சாத நெஞ்சம் நீருக்கு அஞ்சுகிறதே, ஏன்?

"அனுபவம்" என்பார் ஒருவர். "ஆகாது, அவ்வளவுதான்" என்பார் மற்றொருவர். ஆகாது என்பது சரி. ஏன் ஆகாது? எதையும் ஏன் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். உலைக்களத்து வாசலிலே மட்டும் அந்தக் கேள்வியை மூட்டை கட்டி வைத்துவிட்டு உள்ளே நுழைவானேன்?

விடை தேடிச் சீமைக்கு ஓட வேண்டாம். சேலத்திலிருந்து பஸ் ஏறிக் கஞ்சமலை அடிவாரத்தில் இறங்கினால் போதும். மலையிலிருந்து வரும் ஓடைகளில் கறுப்பாக மணல் படிந்திருக்கும். ஒரு காந்தத்தை அதில் வைத்துப் பாருங்கள், மீசை முளைத்தது போல் ஒட்டிக்கொள்ளும். மாக்னடைட் என்று படித்தவர் சொல்கிற காந்தக்கல் அது. அந்தக் கருமணலை அலசி எடுத்து, மண்ணாலே ஆளுயர உலை கட்டி, ஆட்டுத்தோல் துருத்தி ஊதி, அடுப்புக்கரி போட்டு இரும்பு எடுத்த உழைப்பாளிகள் இந்த வட்டாரத்திலே பல நூறாண்டு வாழ்ந்தார்கள். கம்பெனி உத்தியோகத்திலே இருந்த ஹீத் என்ற வெள்ளைக்காரர் அதைப் பார்த்து வாய் பிளந்து, 1830-ல் பரங்கிப்பேட்டையிலே பெரிய ஆலை வைத்தார். சேலத்துக் கல் அங்கே போயிற்று. ஆலை நிலைக்கவில்லை. பிறகு நூறாண்டுக்கு மேல் மலை சும்மா கிடந்தது. 1967-ல் எழுச்சி நாள் நடத்தி, "சேலத்துக்கு உருக்காலை எங்கே?" என்று நம் முன்னவர்கள் முழங்கினார்கள். 1970 செப்டம்பர் 16-ல் அடிக்கல், 1982-ல் உற்பத்தி. ஆலை வந்தது மலையடிவாரத்துக்குத்தான். ஆனால் மலையின் கல் அதற்குள் போகவில்லை! வெளியிலிருந்து வந்த உருக்கைத் தகடாக்கும் ஆலையாகத்தான் அது பிறந்தது. உருக்கும் கூடம் 2010-ல்தான் வந்தது. அதுவும் பழைய இரும்பை மின் உலையில் உருக்குவது. அந்தக் கதையை எழுத இன்னொரு நாள் வேண்டும். இன்று நமக்கு வேண்டியது அந்தக் கறுப்புக் கல் மட்டும்.

நீர் ஒரு பூதம் என்றார்கள். நிலம், நீர், தீ, காற்று, வான் என ஐந்து. அவற்றைப் பிரிக்க முடியாது, பிளக்க முடியாது என்று நம்பினார்கள். நம் நாட்டார் மட்டுமல்ல, கிரேக்கரும் நான்கு பூதம் பேசியவர்தாம். அந்தப் பூதத்தின் வயிற்றைக் கிழித்துக் காட்டியது எது தெரியுமா? ஒரு துப்பாக்கிக் குழாய்!

1784-ல் பாரிசு நகரத்திலே லவாய்சியர் என்ற அறிஞரும் மியூஸ்னியே என்ற படைப் பொறியாளரும் சேர்ந்து, ஓர் இரும்புத் துப்பாக்கிக் குழாயைச் சாய்வாக வைத்து, கீழே கரியிட்டுச் செக்கச் சிவக்கக் காய்ச்சினார்கள். மேல் முனையில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டார்கள். கீழ் முனையிலே நீர்தானே, அல்லது நீராவிதானே வர வேண்டும்? வந்தது ஒரு வாயு! தீயைக் காட்டினால் எரிகிற வாயு! குழாயை ஆறவைத்துப் பார்த்தால், உட்பக்கம் கறுத்துப் பொருக்குப் பிடித்துக் கிடந்தது. எடையும் கூடியிருந்தது.

என்ன நடந்தது? நீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கட்டிப் பிடித்து நிற்கும் கூட்டு. ஒன்பது பங்கு எடையுள்ள நீரிலே எட்டுப் பங்கு ஆக்ஸிஜன், ஒரு பங்கு ஹைட்ரஜன். குளிர்ந்த இரும்புக்கு அந்தக் கூட்டைச் சட்டென்று பிரிக்கும் வலுவில்லை. மாதக் கணக்கில், அரித்து அரித்துத்தான் வேலை நடக்கும். ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்போ பசித்த புலி! நீராவியைப் பற்றி, ஆக்ஸிஜனைப் பிடுங்கித் தானே வைத்துக்கொண்டு, ஹைட்ரஜனை வெளியே துரத்திவிடுகிறது. கணக்குச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 168 கிலோ இரும்பு 72 கிலோ நீரைத் தின்றால், 232 கிலோ கறுப்புப் பொருள் கிடைக்கும், 8 கிலோ ஹைட்ரஜன் வெளியேறும். எட்டுக் கிலோதானே என்று எண்ணிவிடாதீர்கள். ஆறிய பிறகும் அது 90 ஆயிரம் லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஏழெட்டுத் தண்ணீர் லாரிகளின் கொள்ளளவு!

அந்தக் கறுப்புப் பொருள் எது? அதுதான் தோழர்களே, நம் கஞ்சமலைக் கல்! அதே காந்தக்கல், அதே கூட்டு. பாட்டன் அடுப்புக்கரி கொண்டு எந்தக் கல்லிலிருந்து இரும்பைப் பிரித்தானோ, அந்தக் கல்லாகவே இரும்பு திரும்பிவிடுகிறது. கொல்லன் பட்டறையில் சம்மட்டி அடி விழும்போது, செங்கனலாய் இருக்கும் இரும்பின் மேலிருந்து கருஞ்செதில் உதிருமே, அதை எடுத்துக் காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கே ஆக்ஸிஜனைக் காற்றும் கொடுக்கிறது என்றாலும், அந்தச் செதிலிலும் இருப்பது கஞ்சமலைதான்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், இந்த வழி இருவழிப் பாதை. நீராவி மிகுதியாக வந்தால் இரும்பு கல்லாகும். ஹைட்ரஜன் மிகுதியாக வந்தால் கல் இரும்பாகும்! 'நிலக்கரி இல்லாத சேலத்துக்கு உருக்காலையா?' என்று அந்தக் காலத்தில் கேலி பேசினார்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி உண்டு என்று நம்மவர் பதில் சொன்னார்கள். இன்றைக்குச் சுவீடன் நாட்டிலே 2020 முதல் லூலியோ நகரத்துச் சோதனை ஆலையில் ஹைட்ரஜனைக் கொண்டே இரும்புக் கல்லிலிருந்து இரும்பு எடுக்கிறார்கள். 2021-ல் அப்படிப் பிறந்த உருக்கை வாங்குவோருக்கு அனுப்பியும் வைத்தார்கள். கரி எரித்த புகைக்குப் பதில் வெளியே வருவது நீராவி. கஞ்சமலையைத் தோண்டலாமா கூடாதா என்பது வேறு வழக்கு. மலையடிவாரத்து மக்களைக் கேட்காமல் அதிலே தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் 'கரியில்லை, ஆகவே கதியில்லை' என்ற பழைய பேச்சு செத்துவிட்டது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இந்தப் பசி எப்போதும் கேடுதான் செய்யும் என்றும் எண்ண வேண்டாம். மேட்டூர் அனல்மின் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 1987-லிருந்து ஒவ்வொன்றாக எழுந்த எந்திரங்கள். அவற்றின் கொதிகலனிலே மைல் கணக்கில் உருக்குக் குழாய்கள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட நீராவி, வெளியே தீ. இரும்புதான் நீராவியைத் தின்னுமே, குழாய் ஏன் கரைந்து போகவில்லை? முதற்கடியிலேயே குழாயின் உட்சுவரில் மெல்லிய காந்தக்கல் தோல் படிந்துவிடுகிறது. அந்தத் தோல் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் நீராவியை இரும்பின் அருகே அண்டவிடாமல் காவல் காக்கிறது. வெப்பம் மீறிப் போனால்தான் தோல் தடித்து, உரிந்து விழுந்து, குழாயை அடைத்துத் தொல்லை தரும். கொதிகலன் தொழிலாளிக்கு இது தெரியும். அவர் வெப்பமானியை ஓயாமல் பார்ப்பது வீண் வேலையல்ல.

எல்லா உலோகத்துக்கும் இதே பசியா? இல்லை. இங்கேதான் நம் வட்டாரம் ஒரு பாடப் புத்தகம் போல விரிகிறது.

செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போங்கள். பழுக்கக் காய்ச்சிய வெள்ளியை நீரில் போட்டு எடுக்கிறார்கள். சீறும், ஆவி கிளம்பும், அவ்வளவே. வெள்ளிக்கு நீரின் ஆக்ஸிஜன் மேல் ஆசையே கிடையாது. செம்பும் அப்படித்தான். ஆகவே அவற்றிடம் ஹைட்ரஜன் அச்சமில்லை. (உருகிய வெள்ளிக் குழம்பில் தண்ணீர் சிக்கினால் ஆவி வெடித்துத் தெறிக்கும், அது வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.) வெள்ளிக்கு மேலே இரும்பு, அதற்கும் மேலே துத்தநாகம். அதையும் தாண்டி அலுமினியம்.

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பாக்சைட் வெட்டி, மேட்டூரிலே அலுமினியம் காய்ச்சினார்கள். 1965-ல் உற்பத்தி தொடங்கிய மதராஸ் அலுமினியம் கம்பெனி உருக்காலை 2008-ல் நின்றது. அந்த அலுமினியத்தில் வார்த்த பாத்திரத்திலே நம் வீட்டுப் பெண்கள் தினம் உலை வைக்கிறார்களே, தண்ணீர் கொதிக்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே? ஆகாது. அலுமினியத்தின் மேலும் ஒரு தோல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத, கெட்டியான தோல். ஆனால் 660 டிகிரியில் அது உருகி, அந்தக் குழம்பிலே நீர் சிக்கி, ஆவி வெடித்துக் குழம்பைத் தூவானமாகச் சிதறடித்தால் தோலாவது, காவலாவது! ஒவ்வொரு துளியும் நிர்வாணமாக நீராவியைச் சந்திக்கிறது. ஒரு கிலோ அலுமினியம் முழுதும் நீரைத் தின்றால் 1,200 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன். அதோடு இரும்பு தரும் வெப்பத்தைவிடப் பன்மடங்கு வெப்பம். காயலான் கடை அலுமினியத்தை வாங்கிக் கொட்டகையிலே உருக்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய ஆலைகளில் பாதுகாப்புக்கென்று ஓர் அதிகாரியாவது இருப்பார். உங்களுக்கு நீங்களேதான் அதிகாரி.

அதற்கும் மேலே மக்னீசியம். கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெள்ளைக்கல் வெட்டும் தோழர்களுக்குத் தெரியும், அது மாக்னசைட். அந்தக் கல்லுக்குள் ஒளிந்திருக்கும் உலோகம்தான் மக்னீசியம். அது தீப்பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்றினால் அணையாது. தண்ணீரையே எரிபொருளாக்கிக்கொண்டு, கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியோடு மேலும் எரியும். அதற்கென்றே உள்ள உலர்ந்த தூளைக் கொட்டித்தான் மூட வேண்டும். அதே மக்னீசியம் ஆக்ஸிஜனை வயிறார உண்டு மக்னீசியா ஆகிவிட்டாலோ, பரம சாது! 2,800 டிகிரி வரை உருகாது. ஆகவேதான் நம் வெள்ளைக்கல்லைச் சுட்டு, செங்கல்லாக்கி, உருக்கு உலைகளின் உட்சுவராக அடுக்குகிறார்கள். பசித்தவன் கலகக்காரன், பசி தீர்ந்தவன் காவல்காரன்.

பசியுள்ள இன்னோர் உலோகம் உலகத்தையே உலுக்கியதை நாம் கண்டோம். அணு உலையின் எரிபொருளைச் சிர்கோனியம் என்ற உலோகத்தின் கலவையால் செய்த குழாய்களில் அடைப்பார்கள். 1984-ல் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கிய நம் கல்பாக்கத்து உலையிலும் அதே உலோகம்தான். 2011 மார்ச்சில் ஜப்பானில் கடல் பொங்கி, ஃபுகுஷிமா நிலையத்தில் குளிர்விக்கும் பம்புகள் நின்றன. குழாய்கள் காய்ந்து பழுத்தன. சுற்றி நின்ற நீராவியைச் சிர்கோனியம் தின்னத் தொடங்கியது. ஹைட்ரஜன் கிளம்பிக் கட்டடத்தின் உச்சியில் திரண்டது. மார்ச் 12-ல் முதல் உலைக் கட்டடத்தின் மேற்பகுதி வெடித்துப் பறந்தது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அணுகுண்டு வெடித்தது என்று அன்று பேசியவர்கள் உண்டு. வெடித்தது ஹைட்ரஜன் வாயு. லவாய்சியர் துப்பாக்கிக் குழாயில் கண்ட அதே வாயு, காற்றிலே 4 பங்கு கலந்தாலே தீப்பற்றக் கூடியது.

இனி உலைக்களத்துக்கு வருவோம். அங்கே பகைவர் இருவர். இருவரையும் தனித்தனியே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல்வன் வெறும் ஆவி. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டராகப் பெருகும். உருக்கின் சூட்டில் இன்னும் பல மடங்கு. ரசாயனம் எதுவும் வேண்டாம், இந்த விரிவே போதும் குழம்பைக் கூரைக்கு எற்ற. வெள்ளியானாலும் செம்பானாலும் இவன் வருவான். இரண்டாமவன் ஹைட்ரஜன். இரும்பு, துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம் என்று பசியுள்ள உலோகமாயிருந்தால், முதல்வன் கதவை உடைத்ததும் இவன் உள்ளே நுழைந்து தீ வைப்பான்.

ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். குழம்பின் மேல் விழும் நீர் பெரும்பாலும் சீறி ஆவியாகி ஓடிவிடும். குழம்புக்கு அடியிலே சிக்கும் நீர்தான் ஆளைக் கொல்லும். மேலே நிற்பது சும்மா நிற்கிறதே என்று நம்பவும் கூடாது. 1975 நவம்பர் 4, இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் நகரத்து அரசாங்க உருக்காலை. ஊதுலையின் குளிர்நீர்க் குழாயில் ஒழுகல். அந்த நீர், உருகிய இரும்பு நிறைந்திருந்த பெரிய தொட்டி வண்டிக்குள் இறங்கியது. இரும்பின் மேல் நீர் நின்றது, ஆவி பறந்தது. பிறகு ரயில் எஞ்சின் அந்த வண்டியை இழுத்தது. குழம்பு அலைந்தது. மேலே நின்ற நீர் அடியில் மாட்டியது. ஏறத்தாழ 90 டன் இரும்புக் குழம்பு வெளியே சிதறிற்று. பதினோரு தொழிலாளர் மாண்டனர். உலைத் தொழிலிலே உலகுக்கே வழிகாட்டிய நாட்டில், அரசு நடத்திய ஆலையில் இது நடந்தது. நீரை வடியவிட்டு, முற்றும் ஆவியான பிறகே வண்டியை அசைக்க வேண்டும் என்ற ஒரு சிறு அறிவு அந்தப் பதினோரு வீட்டு விளக்கையும் காத்திருக்கும்.

நம் பக்கத்திலே ஆபத்து எந்த வழியாக வருகிறது? பெரும்பாலும் லாரியில் வருகிறது! துறைமுகத்திலிருந்தும் காயலான் கடைகளிலிருந்தும் பழைய இரும்பு வருகிறது. ஐப்பசி மழையிலே திறந்த லாரியில் வந்தால், வளைந்த தகட்டில், மூடிய குழாயில், நசுக்கிய டப்பாவில் நீர் தங்கும். வெளியே காய்ந்து போயிருக்கும், உள்ளே அரைப்படித் தண்ணீர் காத்திருக்கும். நாமக்கல், சங்ககிரி லாரிக் கிளீனர் தம்பி, நனைந்துகொண்டே தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறாயே, சரக்கு நனையாமலிருக்க என்று நினைத்துக் கட்டுகிறாய். முகம் தெரியாத ஓர் உலைத் தொழிலாளியின் முகம் வேகாமலிருக்கவும் நீ அதைக் கட்டுகிறாய்.

லாரிக்கு அப்பால் என்னென்ன? உருகிய உலோகம் ஏந்தும் கலத்தை முன்னதாகச் சூடேற்றாமல் பயன்படுத்துவது. கிளறும் கம்பியைத் தரையிலிருந்து எடுத்து அப்படியே குழம்பில் விடுவது. வார்ப்பு மணலில் ஈரம் மிஞ்சுவது. ஈரச் சிமெண்டுத் தரையிலே குழம்பு சிந்துவது, இது மிகவும் பொல்லாதது, ஏனென்றால் நீர் அடியில் மாட்டுகிறது. துத்தநாக முலாம் பூசும் தொட்டியில் ஈரக் கம்பியை இறக்குவது. தீர்வோ சிக்கலானதல்ல. இரும்பைக் கொட்டி வைக்க ஒரு கூரை, உலையில் போடுமுன் சூடேற்றிக் காயவைக்க ஓர் ஏற்பாடு, மூடிய பொருளை வெட்டித் திறந்து பார்க்க ஓர் ஆள். செலவுதான். அந்தச் செலவைச் சுருக்கிவிட்டு, உலைவாயிலில் எலுமிச்சம்பழம் கட்டிப் பூசணிக்காய் உடைக்கும் முதலாளிகளை என்னென்பது! எலுமிச்சையில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு தண்ணீர். பூசணியில் அதைவிட அதிகம். எது உலைக்கு ஆகாதோ அதையே உலைக்குக் காவல் வைக்கிறார்கள்! விபத்து நடந்த பிறகு "அவன் விதி" என்கிறார்கள். "அவன் அசட்டை" என்றும் எழுதிக்கொள்கிறார்கள். ஈரமான இரும்பை வாங்கியவர் யார், கூரை போடாதவர் யார் என்ற வரி மட்டும் அந்த அறிக்கையில் விட்டுப் போகிறது.

அந்த வரியை எழுதவைக்கத் தொழிலாளி கையிலே ஒரு சட்டம் உண்டு. போபால் கொடுமைக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழில்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதிலே முதல் இடம் இரும்பு உருக்குத் தொழிலுக்கு, அடுத்தது பிற உலோகத் தொழில், மூன்றாவது வார்ப்படச் சாலைகள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று 41-எச் பிரிவு கூறிற்று. 2020-ல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் 14-ஆம் பிரிவில் அந்த உரிமையை எழுதி வைத்திருக்கிறது. 'நியாயமாக அஞ்சுவது' என்றால் என்ன என்று ஆய்வாளர் கேட்பார். "ஆகாது, அவ்வளவுதான்" என்று அங்கே சொல்லிப் பயனில்லை. இந்தக் குழாய்க்குள் இத்தனை நீர் இருக்கிறது, அது இத்தனை மடங்கு விரியும், இந்த உலோகம் அதிலிருந்து ஹைட்ரஜனைக் கிளப்பும் என்று சொல்லத் தெரிய வேண்டும். மழைக்காலம் பிறக்குமுன் சங்கத்து அலுவலகத்தில் ஒரு மாலைக் கூட்டம் போடுங்கள். அந்தப் பிரிவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்குக் காந்தம் ஒன்றும், கஞ்சமலைக் கருமணல் ஒரு பிடியும் எடுத்துப் போங்கள்.